உன்னை யார் தூக்குகிறார்கள்?

சித்தூர், கிரீம்ஸ்பேட்டை
6 ஏப்ரல் 2020

பிளெஸ்ஸிக்கு அம்மா எழுதுவது.

‘அன்புள்ள’ என்று ஆரம்பிக்கலாமா என்று பார்த்தேன். கோபம் இன்னும் தீரவில்லை, விட்டுவிட்டேன். போனில் பேச வேண்டாம். நீ பேசினால் நான் அழுகிறேன், நான் பேசினால் நீ வைத்துவிடுகிறாய். நம் தெருச் சந்திரன் பால் வண்டி ஓட்டுகிறான் இல்லையா, அவனுக்குத் திருப்பதி போக பாஸ் கொடுத்திருக்கிறார்கள். இந்தக் கடிதத்தையும் ஊறுகாய் பாட்டிலையும் உன் ஹாஸ்டல் வாசலில் கொடுப்பான். பாட்டிலைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் திற.

வேலை கிடைத்துவிட்டது என்று பிப்ரவரியில் பெட்டி கட்டினாய். “ஒரு வாரம் தாங்கமாட்டே, எனக்குத் தெரியாதா?” என்றேன். அதற்குப் பிறகு ஊரடங்கு போட்டார்கள், பஸ் நின்றது. நீ திரும்பி வரவும் இல்லை, வரட்டுமா என்று கேட்கவும் இல்லை.

பத்து வயதில் படி ஏற முடியவில்லை என்று ஆரம்பித்தது. இடுப்பில் தசை போயிற்று, பிறகு தோளில் போயிற்று. உன் நைனா இருந்தவரை நாங்கள் இரண்டு பேரும் தூக்கினோம். அவர் போன பிறகு நான் ஒருத்தி தூக்கினேன். கட்டிலிலிருந்து எழுப்பியது நான், கக்கூசிலிருந்து எழுப்பியது நான், தலை சீவியது நான். அதனால் கேட்கிறேன். காலையில் உன்னை யார் தூக்குகிறார்கள்? தலை யார் சீவுகிறார்கள்? சோற்றைத் தட்டிலிருந்து வாய்க்கு எப்படிக் கொண்டுபோகிறாய்? குளிக்கும்போது யார் பக்கத்தில் நிற்கிறார்கள்?

எல்லாவற்றுக்கும் பதில் வேண்டும். தமிழில் எழுது. தெலுங்கில் எழுதினால் பக்கத்து வீட்டுச் சுந்தரம்மாவிடம் கொடுத்துத்தான் படிக்க வேண்டும். அவள் தெரு முழுக்கச் சொல்லிவிடுவாள்.

அம்மா

திருப்பதி
10 ஏப்ரல் 2020

அம்மாவுக்கு,

ஊறுகாய் வந்தது. பாட்டிலை மோகனப்ரியா திறந்தாள். அவள் என் ரூமில் இருக்கும் பெண், திருத்தணிக்காரி, ஸ்ரீ சிட்டியில் போன் தயாரிக்கிற கம்பெனியில் வேலை. கம்பெனி மூடியிருப்பதால் நாள் முழுக்க ரூமில்தான் இருக்கிறாள்.

பள்ளிக்கூடத்தில் தமிழ் படிக்காதவள் எழுதுகிறேன். எந்த ‘ன’ எங்கே வரும் என்று தெரியவில்லை. ஞாயிறு பள்ளியில் எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தது நீதான், தப்பு இருந்தால் உன்னைத்தான் சேரும்.

ஹாஸ்டல் நாற்காலி தாழ்வு. உட்கார்ந்தால் எழ முடியாது. அதனால் மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி அதன்மேல் உட்கார்கிறேன். அவ்வளவு உயரத்தில் இருந்தால் எழ வேண்டிய வேலையே இல்லை, முன்னால் சறுக்கினால் நின்றுவிடலாம். கட்டில் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்தாயிற்று. சாப்பிடும்போது முழங்கையை ஒரு பிஸ்கட் டப்பாவின் மேல் வைத்துக்கொள்கிறேன். தோள் தூக்க வேண்டாம், மடக்கினால் கை வாய்க்கு வந்துவிடுகிறது. குளிக்க ஒரு உயரமான ஸ்டூலும் நீளப் பிடி வைத்த மக்கும் இருக்கின்றன.

தலை சீவ ஆள் வேண்டாம். முடியைக் காது வரை வெட்டிவிட்டேன். திட்டாதே.

என் நெட் கம்பெனி கம்ப்யூட்டரை ரூமுக்கே கொண்டுவந்து வைத்துவிட்டது. ஊர் மொத்தமும் வீட்டில் உட்கார்ந்திருக்கிறது, எல்லோருக்கும் நெட் மெதுவாக வருகிறதாம், எனக்கு போன் போட்டுத் திட்டுகிறார்கள். உன்னால் எழுந்து நிற்க முடியுமா என்று அவர்களில் ஒருவரும் கேட்பதில்லை. அது எனக்குப் பிடித்திருக்கிறது.

உன் முதல் கேள்விக்குப் பதில் பிறகு எழுதுகிறேன்.

பிளெஸ்ஸி

சித்தூர்
18 மே 2020

பிளெஸ்ஸிக்கு,

திருப்பதிக்குப் போகிறவர்கள்தான் முடி கொடுத்துவிட்டு வருவார்கள். நம் சபைப் பிள்ளைகளில் கொடுத்தது நீ ஒருத்தியாகத்தான் இருக்கும். பாதிரியார் மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.

நாற்காலி விஷயம் எனக்குப் புரியவில்லை என்பதால் நம் வீட்டு நாற்காலிகளை அடுக்கி உட்கார்ந்து பார்த்தேன். கால் தரையில் படவில்லை. சுந்தரம்மா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, “இன்னா அக்கா, சிங்காசனமா?” என்றாள். ஆனால் நீ சொன்னது சரிதான். சறுக்கினேன், நின்றுவிட்டேன். முட்டிக்கு வேலையே இல்லை. இத்தனை வருடம் இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று அன்று முழுக்க யோசித்தேன்.

அந்த மோகனப்ரியாதானே உன்னைத் தூக்குகிறாள்? அதற்குத்தான் பதில் எழுதாமல் விட்டாய். கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினால் உன் தோள் இறங்கிவிடும், சொல்லி வை. இடுப்பில்தான் பிடிக்க வேண்டும். அவளுக்கு என்ன வயது? பலசாலியா? உன் மேல் பிரியமாக இருக்கிறாளா, இல்லை வேறு வழியில்லாமல் செய்கிறாளா?

நரம்பு டாக்டருக்கு போன் செய்தேன். “அவளுக்கு மூச்சு இழுக்கிற தசையும் பலம் குறைந்திருக்கிறதம்மா. சளி நெஞ்சில் இறங்கினால் இருமி வெளியே தள்ள முடியாது. ஜாக்கிரதையாக வைத்துக்கொள்ளுங்கள்” என்றார். நீ அங்கே, நான் இங்கே. எப்படி வைத்துக்கொள்வது? ஜூன் மாதம் வண்டி விடுவார்கள் என்கிறார்கள். நான் வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

அம்மா

திருப்பதி
14 ஜூன் 2020

அம்மா,

மோகனப்ரியா இப்போது என் ரூமில் இல்லை. ஸ்ரீ சிட்டியில் கம்பெனி திறந்துவிட்டார்கள். வேலைக்குப் போன முதல் நாள் சாயந்திரம் வாசல்படியிலேயே நின்றுவிட்டாள். “அக்கா, பஸ்ஸுல நாப்பது பேரு. பக்கத்துல உக்காந்தவன் இருமிக்கினே வரான். நான் இனிமே உன்னத் தொட மாட்டேன்” என்றாள். அழுதாள். அன்றைக்கே பெட்டியை எடுத்துக்கொண்டு மாடி ரூமுக்குப் போய்விட்டாள். தினமும் வந்து வாசலில் நின்று பேசிவிட்டுப் போகிறாள். பிரியமாக இருக்கிறாளா என்று கேட்டாயே, அதற்கு இதுதான் பதில்.

என்னை யார் தூக்குகிறார்கள் என்பதற்கும் இப்போது பதில் இருக்கிறது. யாரும் இல்லை. ஒருக்களித்துப் படுத்துக் காலைக் கட்டிலுக்கு வெளியே விடுகிறேன். கால் கீழே இறங்கும்போது உடம்பு கொஞ்சம் மேலே வரும். அந்த நேரம் முழங்கையை ஊன்ற வேண்டும். கட்டிலின் கால்மாட்டில் ஒரு துப்பட்டாவைக் கட்டி வைத்திருக்கிறேன், மிச்சத்துக்கு அதைப் பிடித்து இழுத்துக்கொள்வேன். சில நாள் ஒரே தடவையில் வரும். சில நாள் மூன்றாவது தடவையும் வராது, படுத்தபடியே கொஞ்ச நேரம் சீலிங்கைப் பார்த்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பேன்.

டாக்டர் உனக்குச் சொன்னதை எனக்கும் சொன்னார். எனக்கு இருமல் வருவது தொண்டையைச் செருமுவது மாதிரிதான். எங்கோ வெளிநாட்டில், மூச்சு மெஷின் போதாமல் போனால் தசை நோய் உள்ளவர்களுக்குக் கடைசியில்தான் கொடுப்போம் என்று எழுதி வைத்திருந்தார்களாம். படித்தேன். இங்கே அப்படி யாரும் எழுதவில்லை. ஆனால் எழுதாமலே மனதில் வைத்திருப்பார்களோ என்று யோசனை வருகிறது. ஆஸ்பத்திரியில் ஒரு கட்டில்தான் இருக்கிறது, நானும் ஓடியாடுகிற ஒரு பையனும் வாசலில் கிடக்கிறோம் என்றால் யாரை உள்ளே எடுப்பார்கள்? பயத்தால் கேட்கிறேன் என்று நினைக்காதே. உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசை.

அதனால்தான் சொல்கிறேன், நீ வராதே. நீ ரேஷன் கடைக்குப் போகிறாய், சபைக்குப் போகிறாய், சுந்தரம்மா வீட்டில் உட்கார்ந்து டீ குடிக்கிறாய். பஸ் ஏறி வந்து என்னைக் கட்டிப் பிடித்துத் தூக்குவாய். எனக்கு நோய் வருவதென்றால் நீ தூக்குவதில்தான் வரும். கோபித்துக்கொள்.

பிளெஸ்ஸி

சித்தூர்
24 ஜூலை 2020

பிளெஸ்ஸிக்கு,

நான் தூக்கினால் உனக்கு நோய் வரும் என்று எழுதியிருக்கிறாய். கோபித்துக்கொள் என்றும் நீயே எழுதியிருக்கிறாய். கோபித்துக்கொண்டேன், அதனால்தான் ஒரு மாதம் எழுதவில்லை. சரி, வரமாட்டேன்.

திருப்பதியில் மறுபடி கடைகளை அடைத்துவிட்டார்கள் என்று சந்திரன் சொன்னான். உனக்குச் சாப்பாடு வருகிறதா?

சுந்தரம்மாவுக்குக் காய்ச்சல். டெஸ்டில் இருக்கிறது என்று வந்துவிட்டது. மகன் சூளூர்பேட்டையில் மாட்டிக்கொண்டான். கவர்மென்ட் வாலண்டியர் வந்து வாசலில் எச்சரிக்கைச் சீட்டு ஒட்டிவிட்டுப் போனார், அதற்குப் பிறகு அந்தப் பக்கம் காக்கா கூடப் போகவில்லை. நான் கஞ்சி வைத்து வாசலில் வைத்துவிட்டு வருகிறேன். உள்ளே போகவில்லை, பயப்படாதே. ஒரே ஒரு நாள் போனேன். அவளால் தம்ளரைப் பிடிக்க முடியவில்லை.

அம்மா

திருப்பதி
9 ஆகஸ்ட் 2020

அம்மா,

இன்று சந்திரண்ணன் வெறும் கையோடு வந்தார். கடிதம் எங்கே என்றேன். “அம்மா நல்லாத்தான் கீறாங்க பாப்பா” என்று சொல்லிவிட்டு வண்டி டயரைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பத் திரும்பக் கேட்ட பிறகுதான், “பெரிய ஆஸ்பத்திரியில சேத்துக்கீறாங்க. ஆக்சிஜன் வெச்சிக்கீறாங்க” என்றார்.

உன் போன் அணைந்திருக்கிறது. ஆஸ்பத்திரி நம்பரில் ஒரு நர்ஸ் எடுத்தாள். நினைவோடு இருக்கிறாய், மருந்து குடிக்க மாட்டேன் என்று சண்டை போடுகிறாய் என்றாள். அப்பாடா என்றிருந்தது. இந்தக் கடிதத்தை உனக்குப் படித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள். குப்புறப் படுக்கச் சொன்னால் படு. எனக்காக அல்ல, அந்த நர்ஸுக்கு எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்துப் படு.

எனக்குப் பிறகு உன்னை யார் பார்ப்பார்கள் என்று நீ கேட்டுக்கொண்டே இருப்பாய். இன்று அந்தக் கேள்வி எனக்கு வரவில்லை. நீ இல்லாவிட்டால் நான் யாரிடம் கோபித்துக்கொள்வது என்றுதான் வந்தது. வேறு யார் மேலும் எனக்கு இவ்வளவு கோபம் வருவதில்லை.

பிளெஸ்ஸி

சித்தூர்
6 செப்டம்பர் 2020

அன்புள்ள பிளெஸ்ஸிக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டேன். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். பேசினால் இருமல் வருகிறது, அதனால் எழுதத்தான் வேண்டும். சுந்தரம்மா பிழைத்துவிட்டாள். இப்போது அவள் எனக்குக் கஞ்சி கொண்டு வருகிறாள், உப்பே போடாமல்.

மூச்சு வந்துவிட்டது, உடம்பு வரவில்லை. நேற்று அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுக்கக் கையைத் தூக்கினேன். பாதி வழியில் நின்றுவிட்டது. வலி இல்லை. மரத்துப்போகவும் இல்லை. கை அங்கேதான் இருக்கிறது, நான் சொல்வது அதற்குக் கேட்கவில்லை. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். உனக்கும் இப்படித்தானா? காலையில் கண் விழிக்கும்போது, இன்றைக்கு வரும் என்று நினைப்பாயா? வராது என்று தெரிந்த பிறகு நினைப்பதை நிறுத்திவிடுவாயா? தசைக்குள்ளே உனக்கு ஏதாவது தெரியுமா, இல்லை எனக்கு மாதிரி வெறும் அமைதிதானா?

ஆஸ்பத்திரியில் என்னைக் கட்டில் மாற்ற இரண்டு ஆட்கள் வந்தார்கள். கேட்காமலே தூக்கிவிட்டார்கள். கால் எங்கே போகிறது, தலை எங்கே போகிறது என்று தெரியவில்லை. கத்திவிட்டேன். “ஏம்மா கத்தற, உழ உடமாட்டோம்” என்றார்கள். விழவிட மாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் கத்தினேன். நான் தூக்கும்போது உனக்கும் அப்படி இருக்குமா?

ஞாயிற்றுக்கிழமை பாயிலிருந்து எழ முடியாமல், சுந்தரம்மா வரும்வரை தரையிலேயே உட்கார்ந்து கீர்த்தனை பாடிக்கொண்டிருந்தேன். அவள் ஜபம் என்று நினைத்து வாசலிலேயே காத்திருந்தாளாம். எப்படி எழுவது என்று எழுது. சீக்கிரம் எழுது.

அம்மா

திருப்பதி
11 செப்டம்பர் 2020

அன்புள்ள அம்மா,

முதலில் பாயில் படுப்பதை நிறுத்து. தரைக்குப் போனால் நமக்குத் தோல்விதான்.

நாற்காலியிலிருந்து எழும்போது பின்னால் சாய்ந்து உட்காராதே, விளிம்புக்கு வா. பாதத்தை முட்டிக்குப் பின்னால் இழுத்துக்கொள். இரண்டு கையையும் தொடை மேல் ஊன்று. தலையை முட்டிக்கு முன்னால் கொண்டுபோ. முகம் குப்புற விழப்போகிறோம் என்று பயம் வரும். அந்தப் பயம் வருகிற இடம்தான் சரியான இடம். அங்கேதான் பின்பக்கம் தானாக எழும்பும். யாராவது கையைப் பிடித்து இழுக்க வந்தால் இழுக்க விடாதே.

தரையில் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்பதும் எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்பாய். ஜூலையில் விழுந்தேன். போன் மேசை மேல், நான் தரையில். உருண்டு உருண்டு போய்ச் செருப்பால் கதவைத் தட்டினேன். ஹாஸ்டலில் சமைக்கிற செங்கம்மா வந்தாள். என்னில் பாதி இருப்பாள், தூக்க முடியாது. இரண்டு பேரும் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு யோசித்தோம். மெத்தையை மடித்துப் பக்கத்தில் போட்டாள், அதன் மேல் நகர்ந்தேன். பிறகு அரிசி மூட்டை, அதன் பிறகு ஸ்டூல், பிறகு கட்டில். கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்துவிட்டேன். “படி மாதிரி கட்டிட்டோம் பாப்பா!” என்று செங்கம்மாவுக்கு ஒரே சந்தோஷம். உனக்கு எழுதவில்லை. எழுதியிருந்தால் நடந்தாவது வந்திருப்பாய்.

மற்ற கேள்விகளுக்கு. ஆமாம், இப்படித்தான். வலி இல்லை, அமைதிதான். காலையில் வரும் என்று நினைப்பது பன்னிரண்டு வயது வரைக்கும் இருந்தது. பிறகு, நேற்று இருந்ததில் இன்று எது இல்லை என்று பார்க்கப் பழகிவிட்டேன். நீ தூக்கும்போது பயமாகத்தான் இருக்கும். “ஏந்திரு” என்று நீ சொல்லி முடிக்கும் முன்பே நான் காற்றில் இருப்பேன். ஆனால் உன் கழுத்தில் எப்போதும் ஒரு பவுடர் வாசனை வரும். கண்ணை மூடிக்கொண்டால் அந்த வாசனை எந்தப் பக்கம் இருக்கிறதோ அது மேல் பக்கம் என்று தெரிந்துவிடும்.

இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. எழுத நன்றாக இருக்கிறது. இன்னும் கேள்.

பிளெஸ்ஸி

சித்தூர்
18 அக்டோபர் 2020

அன்புள்ள பிளெஸ்ஸிக்கு,

நீ சொன்ன மாதிரி செய்து எழுந்துவிட்டேன். முகம் முன்னால் போகும்போது பயத்தில் “ஸ்தோத்திரம்!” என்று கத்துகிறேன். சுந்தரம்மா இப்போது ஓடி வருவதில்லை, பழகிவிட்டது.

வேறு விசேஷம் இல்லை. மழை நன்றாகப் பெய்கிறது. சபையை மறுபடி திறந்துவிட்டார்கள், பெஞ்சுக்கு இரண்டு பேர்தான் உட்கார வேண்டும். சுந்தரம்மாவின் மகன் வந்துவிட்டான். உன் கம்பெனி எப்படி? நெட் வேகமாகிவிட்டதா?

அம்மா

திருப்பதி
25 அக்டோபர் 2020

அன்புள்ள அம்மா,

மழையைப் பற்றி எழுதி ஒரே பக்கத்தில் முடிக்கிற ஆள் நீ இல்லை. சந்திரண்ணனிடம் கேட்டேன். நீ சபைப் படி ஏறிவிட்டாய், இரண்டு கையிலும் தண்ணீர்க் கேன் தூக்குகிறாய் என்கிறார். எனக்கு ஏன் எழுதவில்லை? நான் வருத்தப்படுவேன் என்றுதானே?

கொஞ்சம் பொறாமை வந்தது. பொய் சொல்ல மாட்டேன். அன்று மத்தியானம் மூன்று பேர் நெட்டைப் பற்றித் திட்டியபோது நானும் திருப்பித் திட்டினேன். ஆனால் பொறாமை சாயந்திரத்துக்குள் போய்விட்டது, அதன் பிறகு ஒரே ஆர்வம். எனக்குப் பலம் போவது எப்படி என்று மட்டும்தான் தெரியும். அது எந்த வரிசையில் போகும், போகும் முன்னால் எப்படிச் சொல்லிவிட்டுப் போகும் என்பதெல்லாம் தெரியும். அது திரும்பி வருவதை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்து ஆஸ்பத்திரியில் எங்கள் ஓ.பி. வரிசையில் உட்கார்ந்திருக்கும் யாரும் பார்த்ததில்லை.

நீ பார்த்திருக்கிறாய். அங்கே போய் வந்த ஆள் எனக்கு நீ ஒருத்திதான். எப்படி வருகிறது? எங்கே முதலில் வருகிறது? வரும்போது தெரியுமா? ஒன்றையும் விடாமல் எழுது.

பிளெஸ்ஸி

சித்தூர்
29 நவம்பர் 2020

அன்புள்ள பிளெஸ்ஸிக்கு,

நான் குணமாகிக்கொண்டே போவதை உனக்கு எந்த வாயால் சொல்வது என்றுதான் மழையைப் பற்றி எழுதினேன். நீ கேட்டுவிட்டாய், எழுதுகிறேன். சரியாக எழுத வேண்டும் என்று ஒரு மாதம் கவனித்துப் பார்த்தேன்.

வரும்போது தெரியாது. அதுதான் எனக்கு ஆச்சரியம். போனது ஒவ்வொன்றும் தெரிந்தது, வந்தது ஒன்றுகூடத் தெரியவில்லை. ஒரு நாள் காலையில் முந்தானையைத் தோளில் போட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். பால் பொங்கும்போதுதான், முந்தாநாள் வரை இதை இரண்டு கையால் அல்லவா போட்டேன் என்று நினைவு வந்தது. சபைப் படியிலும் அப்படித்தான். மேலே போய் நின்ற பிறகுதான் கம்பியைப் பிடிக்கவில்லை என்று தெரிந்து பயந்துபோனேன். அது வருகிற நேரத்தில் நாம் வேறெங்கோ இருக்கிறோம்.

முதலில் தொடையில் வந்தது. தோள் கடைசி. வந்த இடத்தில் வலி வருகிறது, பலம் இல்லாதபோது வலியே இல்லை. இன்னொன்று. கை வராமல் இருந்த நாட்களில் குடம் எனக்குக் கனக்கவில்லை. அது வரவே இல்லை, அவ்வளவுதான். சுவரைப் பிடித்து இழுக்கிற மாதிரி. அப்புறம் ஒரு நாள் அது மெல்ல அசைந்தது, அப்போதுதான் ஐயோ என்ன கனம் என்று தெரிந்தது. கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். பலம் இருக்கிறவர்களுக்குத்தான் கனம் தெரியும் போலிருக்கிறது.

இப்போது ஒரு பயம் வந்திருக்கிறது. பலம் வர வர, அது இல்லாமல் இருந்தது எப்படி என்பது மறந்துகொண்டே போகிறது. ஆஸ்பத்திரியில் எதற்குக் கத்தினேன் என்று நேற்று யோசித்தால் சரியாக வரவில்லை. முழுக்க மறப்பதற்குள் உன்னைப் பார்க்க வேண்டும். கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு நாள் பஸ் ஏறுகிறேன். அதற்கு முன்னால் இரண்டு வாரம் வீட்டை விட்டு நகரமாட்டேன், சபைக்கும் போகமாட்டேன், சுந்தரம்மாவிடமும் சொல்லிவிட்டேன். முகக்கவசத்தோடு உன் ஹாஸ்டல் வாசலில் வந்து நிற்பேன். உள்ளே வா என்றால் வருகிறேன். வேண்டாம் என்றால் அந்த மோகனப்ரியாவோடு வாசலில் நின்று பேசிவிட்டுத் திரும்புகிறேன். அவளையும் பார்க்க ஆசை.

அதற்குள் ஒரு கேள்விக்குப் பதில் எழுதி அனுப்பு. உனக்கு எதெல்லாம் இன்னும் கனக்கிறது, எதெல்லாம் வருவதே இல்லை? வராததற்கு மட்டும், நீ கேட்டால், கை கொடுக்கிறேன். கனக்கிறதை நான் தொடமாட்டேன்.

அம்மா